உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு

குஞ்சைக் கையில் எடுத்தால் தையல்காரி முதலில் பார்ப்பது உச்சந்தலையைத்தான். கழுத்தில் தொங்கும் இஞ்சு டேப்பைப் பின்னால் தள்ளிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பஞ்சு மயிரை வாயால் ஊதுவாள். கறுப்பு மண்டையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் சேவல். இல்லையென்றால் பெட்டை.

துணிக்குப் பொருந்துகிற நூல் கிடைக்கும்வரை கடைக்காரனை விடாதவள். ஊசியை வாயில் கவ்விக்கொண்டே, தைக்க வந்தவர்களின் இடுப்பைப் பற்றி உண்மை பேசுவாள். "அளவுச் சட்டை பொய் சொல்லுது. டேப்பு சொல்றதைக் கேளு."

அவளுடைய கோழிக்குக் கறுப்பு உடம்பெல்லாம் வெள்ளை வரி. பின்தெரு மெக்கானிக்கின் செவலைச் சேவல் மதில் தாண்டி வந்து போகும். இந்த ஜோடியில் தாயின் வரி மகனுக்கு மட்டும்தான் இறங்கும். பொட்டு அதற்கு முன்னடையாளம். மகளுக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

"எங்க வீட்டுக் கதைதான்" என்பாள், புருஷன் காதில் விழும்படி. "மாமியாரோட முணுமுணுப்பு மகனுக்கு அப்படியே வந்திருக்கு. நாத்தனார் பாவம், தங்கம்."

பட்டுத் தெரிந்துகொண்டது இது. போன முறை அழகாயிருக்கிறதே என்று பொட்டு வைத்தவற்றை வைத்துக்கொண்டு, வெறுந்தலைகளை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டாள். வைத்துக்கொண்டவையெல்லாம் ஒருநாள் சேர்ந்து கூவின. மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா தலைவிரிகோலமாக இறங்கி வந்தாள்.

"இனிமே ஒரு கூவல் கேட்டுச்சு, கூட்டையே பிரிச்சுப் போட்டுடுவேன்!"

இந்த முறை குஞ்சு பொரித்த மறுநாளே வீட்டுக்காரம்மா சோதனைக்கு வந்து முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். பொட்டுக் கணக்கை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே தையல்காரிதான். வாய் சும்மா இருந்தால்தானே.

"ம், காட்டு."

"இது பொண்ணு, இருக்கட்டும். இவன் பொட்டுக்காரன். பெட்டிக்குள்ள போ ராசா, அப்பன் வீட்டுல போய்க் கூவு."

"மெக்கானிக் வாங்கிப்பானா?"

"வாங்காம? அவன் சேவல் என்னைக் கேட்டுட்டா மதில் ஏறிச்சு?"

வீட்டுக்காரம்மா சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றாள். ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்தது. பொட்டு வைத்தவை அட்டைப்பெட்டிக்குள் போயின. மற்றவை தாயிடம் ஓடின.

மிச்சம் ஒன்று. முட்டையை உடைத்து வரத் தெம்பில்லாமல் திணறியதைத் தையல்காரிதான் நகத்தால் கிள்ளி வெளியே எடுத்தாள். தையல் மிஷின் டிராயரில், வெட்டுத்துணிக்குள் அதன் படுக்கை. மிஷின் ஓடினால்தான் தூங்கும், நின்றால் கத்தும். வேலை இல்லாதபோதும் அதற்காக வெறும் மிஷினை மிதித்தாள். அதன் தலையை மட்டும் நேற்றிலிருந்து அவள் பார்க்கவே இல்லை.

இப்போது எடுத்து ஊதினாள். மிளகளவு வெள்ளை.

"என்ன அது? இப்படித் திருப்பு." வீட்டுக்காரம்மா கழுத்தை நீட்டினாள்.

"இருங்கம்மா, கண்ணுல தூசி."

தையல்காரி சுவர்ப் பக்கம் திரும்பினாள். கண்ணோரத்து மையைக் கட்டைவிரலால் வழித்தாள். குஞ்சின் உச்சியில் அழுத்தமாக ஒரு தடவு தடவிவிட்டு, வெளிச்சத்தில் நீட்டினாள்.