பின்விளக்கை அணைக்கும் சுவிட்ச்

பஞ்சநதத்துக்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். மேலுதடு இடது பக்கம் லேசாகத் தூக்கிக்கொள்ளும், அழுகின முட்டையை முகர்ந்தவர் மாதிரி. அய்யம்பேட்டை பைபாஸ் ஓரத்தில் இருக்கிற அவருடைய ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடைக்கு வருகிறவர்களுக்கு அந்த உதடு நன்றாகப் பழக்கம். முன்னால் எவனோ செய்துவைத்த ஒயரிங்கைப் பிரிக்கும்போது அது தூக்கும். வெயிலில் உருகிய டேப் கையெல்லாம் ஒட்டும், ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் தாளை மடித்துச் செருகியிருப்பார்கள். அறுவடை முடிந்தால் வயலெலிகள் கார் பானெட்டுக்குள் குடியேறும். ஒயரைக் கடித்து, அங்கேயே குட்டி போட்டு, அங்கேயே செத்தும் கிடக்கும். அதையெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையால் அள்ளிப் போடுவார். ஆனாலும் எலியைத் திட்டமாட்டார். "அதுக்கு என்ன தெரியும், மனுஷனுக்கில்ல தெரியணும்" என்பார்.

வயது ஐம்பத்திரண்டு. ஐ.டி.ஐ. படித்துவிட்டு எட்டு வருஷம் மஸ்கட்டில் ஒரு பட்டறையில் இருந்தார். பாலைவனத்துக்குள் போகிற ஜீப்புகளுக்கு மின்சார வேலை செய்கிற பட்டறை அது. மணலில் வண்டி நின்று பேட்டரியும் இறங்கிவிட்டால் ஆள் பிழைப்பது கஷ்டம் என்பதால் இரண்டாவது பேட்டரி. டயர் காற்றை இறக்கி ஏற்ற ஒரு கம்ப்ரஸர். இரவில் வழி தவறினால் தூரத்திலிருந்து தெரிய மேலே ஒரு விளக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது அங்கே கிடையாது. ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு, அதிக மின்சாரம் இழுக்கிற கருவிக்கெல்லாம் ரிலே வைத்து, ஒவ்வொரு ஒயருக்கும் தனி ஃபியூஸ். அந்தக் கை சுத்தத்தோடு ஊருக்குத் திரும்பி வந்து டிராக்டருக்கும் அறுவடை மெஷினுக்கும் வேலை பார்த்தார்.

ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் பெரிய ஜீப்புகள் வரத் தொடங்கின. இந்தப் பக்கத்தில் மேடு என்றால் வாய்க்கால் கரை, பள்ளம் என்றால் வாய்க்கால். மலை ஏறுகிற வண்டிக்கு இங்கே என்ன வேலை என்று பஞ்சநதத்துக்கு விளங்கியதில்லை. ஆனாலும் மஸ்கட் அனுபவம் உள்ளவர் என்று பெயர் பரவிவிட்டது, தஞ்சாவூரிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் தேடி வந்தார்கள்.

ராம்கி அப்படித்தான் வந்தான். முப்பத்துநாலு வயது. மச்சானோடு சேர்ந்து மணல் காண்ட்ராக்ட் என்று சொல்லிக்கொள்வான். கறுப்பு ஜீப்பு. கதவைத் திறந்ததும் செயற்கை மல்லிகை மணம் குப்பென்று வந்து தொண்டையில் இறங்கியது.

"அண்ணே, கால் வைக்கிற எடத்துல ஊதா லைட்டு. கூரையில நட்சத்திரம் மாதிரி. பாட்டுக்குத் தகுந்தாப்புல கலர் மாறணும். பின்னால சின்ன பிரிட்ஜ். ஹாரன் அடிச்சா நாய் குரைக்கணும்."

"ஏன், ரோட்டுல நாய் இல்லையா?" என்றார் பஞ்சநதம்.

ராம்கி சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. ஆனால் வேலையை ஒப்புக்கொண்டார். ஒன்பது நாள் வேலை. சீட்டுக்கு அடியில் இரண்டாவது பேட்டரி, டேஷ்போர்டில் எட்டு சுவிட்ச் கொண்ட பேனல், மேலே நாலடி நீளத்துக்கு வெள்ளை விளக்குப் பட்டை. எதிரே வருகிறவன் கண் அவிந்து போகும் அளவுக்கு வெளிச்சம். "எதிர்ல ஆள் வந்தா அணைச்சிரணும்" என்று அவர் சொன்னபோது ராம்கி, "அவன் அணைச்சுக்கட்டும்ணே" என்றான்.

இரண்டு மாதம் கழித்து பிரிட்ஜ் வேலை செய்யவில்லை என்று மறுபடி வந்தான். மூடியைத் திறந்த பஞ்சநதம் அப்படியே நாலு அடி பின்வாங்கினார். நாலு நாள் பழைய இறால் பிரியாணி, பொட்டலத்தோடு நுரைத்துப் போய், மூடியின் ரப்பர் ஓரமெல்லாம் புழு நெளிந்தது. ராம்கி செல்போனைப் பார்த்தபடி, "கழுவிருங்கண்ணே" என்றான். பினாயில் ஊற்றிக் கழுவினார். அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

அன்றைக்குத்தான் அந்தச் சுவிட்ச் பேச்சு வந்தது.

"பின்னால செவப்பு லைட்டு, பிரேக் லைட்டு, நம்பர் பிளேட் லைட்டு, மூணும் சேர்ந்து அணையற மாதிரி ஒரு சுவிட்ச் வேணும்ணே. வெளிய தெரியக் கூடாது."

"எதுக்கு?"

"வீடியோ எடுக்கறோம்ல. செவப்பு அடிச்சா படம் நல்லா வரமாட்டேங்குது."

பஞ்சநதம் அவன் முகத்தைப் பார்த்தார். கொள்ளிடத்தில் விடியலுக்கு முன்னால் திருட்டு மணல் வண்டிகள் போகின்றன என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். முன்னால் ஒரு ஜீப்பு விளக்கில்லாமல் போய் வழி பார்க்கும் என்பதையும் டீக்கடையில் கேட்டிருக்கிறார். வீடியோ என்பது பொய் என்று அவருக்கு அப்போதே தெரியும். தெரிந்தே ஸ்பேனரை எடுத்தார். ஏன் எடுத்தார் என்று பிற்பாடு எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டார். பெரிய காரணம் ஒன்றும் அகப்படவில்லை. வந்த வேலையைத் திருப்பி அனுப்பிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். ஸ்டீயரிங் தண்டுக்குக் கீழே, ஃபியூஸ் பெட்டி மூடிக்குப் பின்னால் விரல் நுனி மட்டும் படுகிற இடத்தில் சுவிட்சை வைத்தார். பின்பக்க ஒயர்க் கற்றைக்குள் ரிலேயை மறைத்து, கம்பெனி ஒயர் மாதிரியே மேலே கறுப்பு உறை போட்டார். யார் பிரித்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

தை மாதம் பிறந்து பத்து நாள் இருக்கும். பனி அடர்ந்த ஒரு காலை. கொள்ளிடக் கரைச் சாலையில் அமிர்தம் என்ற பெண் மொபெட்டில் வாழை இலைக் கட்டுகளை வைத்துக்கொண்டு சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தாள். புருஷன் சிங்காரவேலு குத்தகைக்கு எடுத்த வாழைக்கொல்லை இலை. பதினாறு வருஷமாக அதே நேரத்துக்கு அதே சாலையில் போகிறவள். முன்னால் போன ஜீப்பு கரையிலிருந்து இறங்குவதற்காகத் திடீரென்று நின்றது. சிவப்பு எதுவும் தெரியவில்லை. நேராகப் போய் மோதினாள். பின்பம்பரில் ராம்கி ஆசைப்பட்டு மாட்டியிருந்த இரும்புக் கொக்கியில் முகம் அடிபட்டுத் தாடை உடைந்தது. இடது முழங்காலும் நொறுங்கியது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஜீப்பு பஞ்சநதத்தின் கடை வாசலில் நின்றது.

"அண்ணே, அந்தச் சுவிட்சைக் கழட்டிருங்க. சாயங்காலம் வண்டியை ஸ்டேஷன்ல நிறுத்தணும். நாளைக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் பாக்க வர்றாங்க."

"என்ன ஆச்சு?"

"ஒரு பொம்பள பின்னால வந்து விட்டுருச்சு. தூங்கிக்கிட்டே ஓட்டியிருக்கும். லைட்டே எரியலங்குது. ஸ்டேஷன்ல போட்டுக் காட்டினேன், எல்லாம் எரியுது. பின்னால வந்து இடிச்சவங்க மேலதானண்ணே தப்பு?"

சொல்லிக்கொண்டே காபி வாங்கிக் குடித்தான். பஞ்சநதம் வண்டியின் பின்பக்கம் போனார். கழுவியிருந்தார்கள், ஆனால் நன்றாகக் கழுவவில்லை. கொக்கியின் வளைவுக்குள் வாழை இலைக் கிழிசல் ஒன்று ஒட்டிக் காய்ந்திருந்தது. அதோடு நீளமாக நரையும் கறுப்புமாக நாலைந்து தலைமுடி. அடியில் பழுப்பாக ஏதோ உறைந்திருந்தது. செயற்கை மல்லிகை மணம் அங்கேயும் வந்தது. அவர் பக்கத்துச் சாக்கடை ஓரம் போய்க் குனிந்து வாந்தி எடுத்தார்.

"பித்தமாண்ணே?" என்றான் ராம்கி.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். "நாலு மணிக்கு வந்து எடுத்துக்க" என்றார்.

அன்று முழுக்க அந்த வண்டியை அவர் தொடவில்லை. வீட்டுக்குப் போய் மனைவி மாலதியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மாலதி பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர், அதிர்ந்து பேசாதவள்.

"நீங்க போடலன்னா வேற ஒருத்தன் போட்டுக் குடுத்திருப்பான்" என்றாள்.

"அதைத்தான் நானும் காலையிலேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கேன். சொல்லச் சொல்ல வாய் நாறுது."

மாலதி கேட்டாள்: "கழட்டிட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப கழட்டாதீங்க."

நாலு மணிக்கு ராம்கி வந்தான். "ஆச்சாண்ணே?" என்று கேட்டான். "எடுத்துட்டுப் போ" என்றார். அது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. அவன் சோதித்துப் பார்க்கவில்லை. அவர் வேலையைச் சோதித்துப் பார்க்கிற வழக்கம் யாருக்கும் இல்லை.

மறுநாள் ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் ஜீப்பு நின்றது. மோட்டார் வாகன ஆய்வாளர் ரோஹிணி கையில் அட்டையோடு ஒவ்வொரு விளக்காகப் போடச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரேக் விளக்கு எரிந்தது, பின்விளக்கும் எரிந்தது. 'நல்ல நிலையில்' என்று எழுதப் போகிற நேரத்தில் பஞ்சநதம் கிட்டே போனார்.

"மேடம், ஃபியூஸ் பெட்டி மூடிக்குப் பின்னால கையை விட்டுப் பாருங்க. ஒரு சுவிட்ச் இருக்கும்."

ராம்கி திரும்பிப் பார்த்தான். முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும், "அண்ணே, என்ன விளையாட்டு இது?" என்றான். பஞ்சநதம் அவன் பக்கம் பார்க்கவில்லை.

ரோஹிணி தேடித் தடவிச் சுவிட்சை அழுத்தினார். பின்பக்கம் மொத்தமும் அணைந்தது. பிரேக்கை மிதிக்கச் சொன்னார். எதுவும் எரியவில்லை. பிறகு பின் பேனலைக் கழற்றி, பஞ்சநதம் காட்டிய இடத்தில் உறையைப் பிரித்து ரிலேயை வெளியே எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யார் வேலை இது?"

"என்னோடதுதான் மேடம்."

"இவ்வளவு சுத்தமா நான் பார்த்ததில்ல" என்றார் ரோஹிணி. உள்ளதைத்தான் சொன்னார். வேறு எந்த நாளில் ஒரு அதிகாரி வாயால் அதைக் கேட்டிருந்தாலும் பஞ்சநதம் ஒரு வாரம் சொல்லிச் சந்தோஷப்பட்டிருப்பார். அன்றைக்கு அது, தட்டில் விழுந்த எச்சில் மாதிரி இருந்தது.

"எழுதிக் குடுத்தா உங்க பேரும் கேஸ்ல வரும். தெரியுமில்ல?"

"தெரியும். எழுதிக்கங்க."

அவர் பெயரும் வந்தது. சட்டத்துக்குப் புறம்பாக வண்டியை மாற்றியமைத்தார் என்று வழக்கு, அபராதம். காண்ட்ராக்ட் வண்டிகள் ஒன்றுகூட அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. ஒரு நாள் காலை ஷட்டர் முழுக்கச் சாணியைக் கரைத்து அடித்திருந்தார்கள். தண்ணீர் ஊற்றித் தேய்த்தார். ஊரில் சிலர் அவரை யோக்கியர் என்று பேசத் தொடங்கியதுதான் சாணியைவிட அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது. அப்படிப் பேசினவர்களிடம், "மாட்டினதும் நான்தான், அதையும் சேர்த்துச் சொல்லுங்க" என்பார். அவர்கள் அதையும் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

மாசி மாதம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அமிர்தத்தைப் பார்க்கப் போனார். மாலதியும் கூட வந்தாள். சிங்காரவேலு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இவர் யார் என்று தெரிந்ததும் எழுந்து, "உக்காருங்க" என்று ஸ்டூலை நகர்த்தினார்.

அமிர்தத்துக்குத் தாடையில் கம்பி கட்டியிருந்தது. பல்லைத் திறக்காமல்தான் பேச முடிந்தது. புருஷனைப் பார்த்து, "ஸ்டூலை எடு" என்றாள்.

சிங்காரவேலு தயங்கினார். "இவுங்க சொன்னதாலதான்..."

"எடுன்னு சொல்றேன்ல." பிறகு பஞ்சநதத்தைப் பார்த்தாள். "லைட்டு எரியலன்னு நான் ஒருத்திதான் சொன்னேன். இந்த மனுஷனே நம்பல, தூங்கிட்டியான்னு கேட்டாரு. நீங்க வந்து சொன்னப்பறம்தான் நம்பறாங்க. வெளக்கை அணைக்க வழி பண்ணிக் குடுத்தவரு சொன்னா நம்பறாங்க, அடிபட்டவ சொன்னா நம்பமாட்டாங்க. அந்தச் சுவிட்ச் எதுக்குன்னு தெரிஞ்சுதான் வெச்சீங்களா?"

"தெரிஞ்சுதான்."

அவள் அவரைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. காலில் மிதிபட்ட எதையோ பார்க்கிற பார்வை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வாங்கி வந்த ஆரஞ்சுப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மாலதி கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து இருவரும் வெளியே வந்தார்கள். பஸ்ஸில் மாலதி, "அந்தம்மா சொன்னது நியாயம்தான்" என்றாள். அவர் தலையாட்டினார்.

கும்பகோணம் கோர்ட்டில் அமிர்தத்தின் நஷ்டஈட்டு வழக்கு நடக்கிறது. ராம்கி அந்த ஜீப்பை விற்றுவிட்டு அதைவிடப் பெரிதாக ஒன்று வாங்கிவிட்டான். அதற்கும் யாரோ எல்லாம் மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பஞ்சநதம் இப்போது அறுவடை மெஷினும் டிராக்டரும் பம்ப் செட்டும் மட்டும் பார்க்கிறார். அலங்கார விளக்கு என்று யாராவது வந்தால் உதட்டைக்கூடத் தூக்குவதில்லை, கையால் ரோட்டைக் காட்டுவதோடு சரி.

போன மாதம் அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். எதிர்த்தரப்பு வக்கீல், ராம்கியோடு ஏதோ கூலித் தகராறு, அதனால் பொய் சொல்கிறார் என்று நிரூபிக்க ஒரு மணி நேரம் குடைந்தார். இவர் சொன்னதையே திரும்பச் சொன்னார். இறங்கி வெளியே வந்தபோது வராந்தாவில் அமிர்தம் ஊன்றுகோலோடு நின்றிருந்தாள். தாடை ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. பக்கத்தில் வேறு யாருமில்லை.

"அடுத்த வாய்தாவுக்கும் கூப்புடுவாங்களாமே" என்றாள்.

"ஆமா."

"வருவீங்களா?"

"வருவேன்மா."

"வாங்க" என்றாள். அவ்வளவுதான். அவர் மேலே ஏதாவது சொல்வாரோ என்று அவள் காத்திருக்கவில்லை. ஊன்றுகோலை முதலில் வைத்து, பிறகு காலை வைத்து, படி இறங்கி பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள்.