லேபிள் என்ற சொல்லுக்குப் பொருள்

பாண்டிச்செல்வி பிறந்தது 1998இல், மல்லாங்கிணற்றில். படிப்பு பன்னிரண்டாம் வகுப்பு. 2017 ஜூன் முதல் திருத்தங்கலை அடுத்த ஒரு பட்டாசுக் கம்பெனியில், பேக்கிங் அறையில் வேலை. சேர்ந்த ஆறாவது வாரத்திலேயே அவள் சொற்களை உண்டாக்கத் தொடங்கிவிட்டாள்.

முதல் சொல் ‘மேகம்’. காயப்போட்ட வெடிக்கு மேகம் ஆகாது. அறையின் பேச்சுக்கு சூப்பர்வைசர் ஆகாது. அவர் தலை வாசலில் தெரிந்ததும், “மேகம் போடுது” என்று ஒருத்தி முணுமுணுப்பாள்; அத்தனை வாயும் மூடிக்கொள்ளும். வருகிறேன் என்று சொல்லி வராமல் போகிறவன் ‘ஈரத்திரி’. பார்வைக்குப் பளபளப்பு, பழகினால் ஒன்றுமில்லை என்றால் அவன் ‘லேபிள்’. டப்பாவின் மேலே ஒட்டும் தாளில் எல்லா வண்ணமும் இருக்கும். உள்ளே நமுத்துப்போயிருந்தால் யார் கண்டது? கம்பெனி பஸ்ஸில் ஏறிய இச்சொற்கள் ஊர் ஊராக இறங்கின. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

2023 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை, முனியராஜ் தன் தாயோடு பெண் பார்க்க வந்தான். திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறவன். முன்பு வந்துபோன மூன்று வரன்களுக்கும் அவர்கள் தெருவைத் தாண்டுமுன் பெயர் வைத்தவள் பாண்டிச்செல்வி. இவனுக்கு ஒரு பெயரும் வாயில் வரவில்லை. காபி டம்ளர்களை ஒவ்வொருவருக்காக நீட்டினாள். எப்படியாவது இது அமைந்துவிட வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

துணைக்கு வந்திருந்த பேக்கிங் அறைத் தோழி இருளம்மாளுக்கு ரகசியம்கூட உரக்கத்தான் வரும்.

“ஏட்டி, மாப்பிள்ளை லேபிளால்ல இருக்காரு.”

முனியராஜின் முகம் மலர்ந்தது. “ஆமாக்கா, லேபிள்தான் அடிக்கோம். உங்க கம்பெனிக்கும் நம்ம பிரஸ்ல இருந்துதான் வருது.”

இருளம்மாள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். அவன் தாய் டம்ளரைக் கீழே வைத்தாள். அவளும் சாத்தூர்ப் பக்கம் வெடிக்குத் திரி சொருகுகிறவள்.

“எங்க கம்பெனியிலயும் அந்தப் பேச்சு உண்டு. மேல மினுக்கு, உள்ள நமுப்பு. என் மகனையா அப்படிச் சொல்லுதீக?”

“அழகா இருக்காருன்னு சொன்னேன் மதினி,” என்று இருளம்மாள் இழுத்தாள்.

ஆமாம் என்று ஒத்து ஊதினால் தப்பித்துவிடலாம். ஆனால், தான் பெற்ற சொல்லுக்குத் தப்பான பொருள் சொல்ல பாண்டிச்செல்விக்கு நாக்கு எழவில்லை.

“நீங்க சொன்ன அர்த்தந்தான் அத்தை. அந்த வார்த்தைய உண்டாக்கினதே நாந்தான். ஆனா இவுகள நான் அப்படி நினைக்கல.”

முனியராஜ்தான் மெல்லக் கேட்டான்.

“ஒருவேளை நமுத்திருந்தா என்ன செய்வீக?”

“நாலு வெயில் காயப்போடுவோம்.”

“அப்பச் சரி. நம்மூர்ல வெயிலுக்கா பஞ்சம்?”

தாய்க்குச் சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது. “இவ வாய்க்கு நீ தாங்குவியாலே?” என்று மகனைக் கேட்டுவிட்டு, பாண்டிச்செல்வியின் பக்கம் திரும்பினாள். “எனக்கு என்ன பேரு வச்சிருக்க தாயி? இப்பவே சொல்லிரு.”

“இன்னும் வைக்கல அத்தை.”

“வச்சா மொதல்ல என்கிட்டச் சொல்லு. பஸ்ஸுல போறவ சொல்லி நான் தெரிஞ்சுக்கிடக் கூடாது.” டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

நிச்சயதார்த்தம் 2023 மே 28இல் நடந்தது. பந்தியில் உட்கார்ந்தவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர்.