பெயர் போடும் இடம்

பால் கெட்டியாக இருந்தால்கூட எனக்குச் சந்தேகம் வரும். இதற்காக வீட்டில் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார்களுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் மென்பொருளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே மட்டும் இந்தக் குணத்துக்குச் சம்பளம் தருகிறார்கள்.

ரப்பரை வேகவைக்கும் பிரஸ்ஸை நேரத்துக்கு முன்னால் திறந்தால் பாகங்கள் வேகாமல் வீணாகும். சில வாரங்களாக அப்படித்தான் வீணாகிக்கொண்டிருந்தன. மேனேஜர் வந்து என் திரையைத் தட்டினார்.

"பாருங்க சார், எல்லாத்துலயும் அந்தம்மா நம்பர்தான். இவங்கள எப்படி பெர்மனென்ட் பண்றது?"

அவர் சொன்னது பக்கத்து ஆரணியிலிருந்து வேலைக்கு வரும் கான்ட்ராக்ட் பெண்ணை. அவரை நிரந்தரமாக்கும் கடிதம் மேனேஜரின் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

லாக் என்று நாங்கள் சொல்லும் பதிவில் ஒவ்வொரு வரிக்கும் ஒரே அமைப்பு: நேரம், அவசரம் எவ்வளவு, எந்த இயந்திரம், யார், கடைசியில் நடந்த சங்கதி. அதை மனிதர் யாரும் எழுதுவதில்லை. 'இன்னார் பிரஸ்ஸைத் திறந்தார்' என்ற வாக்கியம் முன்பே தயாராக இருக்கும். பிரஸ்ஸில் அடையாளக் கார்டைக் காட்டியதும் 'இன்னார்' இடத்தில் அவருடைய எண் போய் உட்காரும்.

பழைய வரிகளைப் புரட்டினேன். எனக்கு உறுத்தியது அந்தப் பெண்ணின் எண் அல்ல. ஒரு வரியில்கூட 'இன்னார்' இடம் காலியாக இல்லை. கார்டை மறந்துவிட்டு வருபவர்கள் தினமும் உண்டு. அவர்கள் சூப்பர்வைசரிடம் சாவி வாங்கிக் கையால் திறப்பார்கள். அதெல்லாம் யார் கணக்கில் போனது? எதைக் கேட்டாலும் டக்கென்று பதில் சொல்பவரை நான் நம்புவதில்லை. பதிவையும் நம்பவில்லை.

மறுநாள் மேனேஜரையும் அந்தப் பெண்ணையும் பக்கத்தில் நிற்கவைத்து, சாவி போட்டு பிரஸ்ஸை நானே திறந்தேன். அந்தப் பெண் திறந்ததாகத் திரை சொன்னது. அவருடைய கார்டு அவர் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"மிஷின் வந்தப்போ டெஸ்ட் பண்ணணும்னு என் கார்டைத்தான் வாங்கினு போனாங்க சார்" என்றார் அவர்.

அன்று போட்ட எண்ணை யாரும் எடுக்கவில்லை. கார்டு காட்டாதபோதெல்லாம் காலி இடத்தில் அதுவே வந்து நின்றிருக்கிறது. அதை எடுத்துவிட்டு, 'தெரியாது' என்று வரும்படி மாற்றினேன். எனக்கு ஒரே சந்தோஷம்.

ஆனால் மேனேஜர் சந்தேகத்தில் எனக்கு அண்ணன். "கார்டா சாவியான்னு லாக்ல தனியா இருக்குதா?"

"இல்ல சார்."

"அப்போ அவங்க ஒழுங்கா தொறந்ததும் எதுன்னு தெரியாது. ரெக்கார்டு இல்லாம நான் எப்படி சைன் போட்றது? இன்னும் ஒரு வருஷம் போகட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தியும் பார்த்தேன். அவர் அசையவில்லை.

சாயங்காலம் அந்தப் பெண் என் மேஜைக்கு வந்தார். "இதுல நான் நெஜமா தொறந்தது எது சார்?"

திரையை மேலும் கீழும் நகர்த்தினேன். எல்லா வரிகளும் ஒன்றுபோலவே இருந்தன. என்னால் ஒன்றைக்கூடக் காட்ட முடியவில்லை.

"இத்தினி வருஷம் நான் வந்துக்கினு இருந்ததுகூட இதுக்குத் தெரியாதா?"

திரும்பிப் போய், கார்டைக் காட்டி பிரஸ்ஸைத் திறந்தார். என் திரையில் ஒரு வரி வந்தது. அவருடையது என்று நான் சத்தியம் செய்யக்கூடிய முதல் வரி அதுதான்.