வசனத்துக்குக் கீழே விளம்பரம்

என் அண்ணன் தாராவியில் லெதர் பை தைக்கிறவன். மொத்தமாக வாங்கிக்கொண்டிருந்த சேட் திடீரென்று கையை விரித்துவிட்டான். அதற்கப்புறம் அண்ணனுக்கு மிச்சமிருந்தது ஒரு வெப்சைட்தான். இணையத் தேடலில் முதல் பக்கத்தில் அது வந்தால் பட்டறை ஓடும். வராவிட்டால் இழுத்து மூட வேண்டியதுதான்.

ஐரோலி ஆபீஸில் நான் பார்க்கும் வேலையே அடுத்தவன் கடையைத் தேடலில் மேலே ஏற்றுவதுதான். வழி சொன்னேன். உன் பையைப் பற்றித் தங்கள் பக்கத்தில் எழுதி லிங்க் போடுகிறவர்களுக்கு, அது வழியாக வரும் ஆர்டருக்குக் கமிஷன் கொடு. ஆள் வரும், பேச்சு பரவும், மெல்லத் தளமும் ஏறும். ஆனால் கமிஷனுக்குப் போட்ட லிங்க்குக்குப் பக்கத்தில் 'விளம்பரம்' என்று எழுத வேண்டும், கோடிங்கிலும் அதற்கான குறியைச் சேர்க்க வேண்டும். மறைத்தால் திருட்டு லிங்க் என்று தேடல் கம்பெனிக்காரர்கள் குப்புறத் தள்ளிவிடுவார்கள்.

"பக்காவா செஞ்சிருவோம், நீ டென்ஷன் ஆவாத" என்றான்.

எங்கள் சபையில் அநேகமாக வீட்டுக்கு ஒரு வலைப்பக்கம் உண்டு. தினம் ஒரு பைபிள் வசனம் போடுவார்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள்கூட எங்கிருந்தாவது காப்பியடித்துப் போட்டுவிடும். கோயில் அசன விருந்தன்று எல்லாரும் பந்தியில் இருக்கும்போது அண்ணன் எழுந்து விஷயத்தைச் சொன்னான். அசனப் பந்தியில் ஒருவன் கேட்டு இல்லையென்று சொல்லிவிட்டால் எங்கள் சனம் சாகும்வரை அதைச் சொல்லிக்காட்டும். ஆகவே அத்தனை பேரும் சரி என்றார்கள். அந்த வாரமே எல்லார் பக்கத்திலும் ஒரே வாசகம் முளைத்தது. மேலே ஆறுதல் வசனம், கீழே ஆண்கள் லெதர் பை மலிவு விலையில். 'விளம்பரம்' என்ற சொல் மட்டும் எங்கேயும் இல்லை.

ஜெபக்குழுத் தலைவர் எங்கள் சித்தப்பா, அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. ஏன் எழுதவில்லை என்று அவரிடமே போய்க் கேட்டேன்.

"ஏட்டி, வசனத்துக்குக் கீழ வெளம்பரம்னு எழுதச் சொல்லுதியே, நாளைக்குக் கர்த்தர் முகத்துல முழிக்க வேண்டாமா?" என்றார்.

கமிஷன் வாங்கிவிட்டு மட்டும் முழிக்கலாமாம்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அண்ணன்தான், "பெரியவிய சொல்லுதாவ, விடுட்டி" என்று என் வாயை அடைத்தான்.

கொஞ்ச நாள் தளம் சர்ரென்று ஏறியது. சித்தப்பா சபையில் எழுந்து, எல்லாம் கர்த்தர் செய்தது என்று சாட்சியே சொன்னார். அப்புறம் ஒரு காலையில் கடைப் பெயரைப் போட்டுத் தேடினால்கூட அண்ணன் கடை இல்லை. நான் சொன்னபடியே திருட்டு லிங்க் என்று தள்ளிவிட்டார்கள். ஆர்டர் அடியோடு நின்றது.

லிங்க்கை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் குறியாவது போட வேண்டும். வேறு வழியில்லை. அண்ணன் வீடுவீடாகப் போய்க் கெஞ்சினான். "கமிஷன் குடுக்க இப்ப வலிக்கோ?" என்றார்கள். "எங்கள வச்சு ஏறிட்டு ஏணிய எட்டி ஒதைக்கியா?" என்று ஒருத்தி அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். சித்தப்பா ஒருவர்தான் உட்காரவைத்துச் சாயா கொடுத்தார். "எங்க தப்பாச்சு, வெவரமாச் சொல்லு" என்றார். என் மடையன் அண்ணன் எல்லாவற்றையும் சொன்னான். ஆளாளுக்கு வேறு வேறு வாசகம் எழுதவேண்டும், விளம்பரம் என்று போடவேண்டும், குறியை எங்கே சேர்க்கவேண்டும், எல்லாம். புரியாத இடத்தில் சித்தப்பா திருப்பிக் கேட்டுக்கொண்டார்.

கொஞ்ச நாளில் சித்தப்பா சொந்தமாக ஒரு பைக்கடை வெப்சைட் திறந்தார். ஜெபக்கூட்டத்திலேயே அறிவித்தார். சனம் மொத்தமும் அண்ணன் லிங்க்கை எடுத்துவிட்டு அவர் லிங்க்கைப் போட்டது. இந்தத் தடவை ஒவ்வொரு வசனத்துக்கும் கீழே கொட்டை எழுத்தில் 'விளம்பரம்'. மறைத்தால்தான் பாவம் என்று அதற்கும் ஒரு பிரசங்கம் செய்தார்.

நான் நேரே போய், "அவன் வயித்துல அடிச்சிட்டியளே சித்தப்பா" என்றேன்.

"நானா அடிச்சேன்? அவன் கட தானா விழுந்துச்சு. சனம் பட்ட பாடு வீணாப் போகவா? தையல் வேலையெல்லாம் அவனுக்குத்தான் குடுக்கப்போறேன்" என்றார். பிச்சை போடுகிற முகம்.

லிங்க் எல்லாம் போய்விட்டதே என்று, அண்ணன் தளத்தை மறுபடி பரிசீலிக்கச் சொல்லித் தேடல் கம்பெனிக்கு விண்ணப்பித்தோம். தளம் தேடலில் திரும்பி வந்தது, யாரும் புரட்டாத ஏதோ பின் பக்கத்தில். முதல் பக்கத்தில் சித்தப்பா கடை நின்றது, அண்ணன் தைத்த பைகளின் படங்களோடு. அந்தப் பைகளில் சித்தப்பா கடையின் துணி லேபிளை அண்ணனே தைத்துக் கொடுக்கிறான்.

போன வாரம் ஆபீஸில் இருக்கும்போது அவன் போன் வந்தது.

"ஏட்டி, திலக் நகர்ல இருக்க ஒன் பிரண்டுமாருட்ட சித்தப்பா கட லிங்க்கப் போடச் சொல்லேன். நீயும் ஒண்ணு போடு. ஆர்டர் கொறஞ்சு போச்சு. அங்க வந்தாத்தான் எனக்குத் தையல் வரும்."

"ஒனக்கு வெக்கமா இல்லையாண்ணே?" என்று கத்திவிட்டேன்.

"புள்ளைக்கு பீஸ் கட்டணும்ட்டி" என்றான்.

சித்தப்பா நாசமாய்ப் போகட்டும் என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே அன்று மதியம் என் பக்கத்தில் லிங்க்கைப் போட்டேன். தோழிகளுக்கும் அனுப்பினேன். சாயங்காலம் டிரெயினில் வரும்போது சித்தப்பாவிடமிருந்து மெசேஜ் வந்தது: "கமிஷன் உனக்கும் உண்டும்மா."