சிவப்புத் துணி கட்டிய கம்பி

என் டிரங்குப் பெட்டியில் ஒரு சிவப்புத் துணி கிடக்கிறது. லுங்கியில் கிழித்தது, விரல் அகலம். ஜவ்வாது மலையில் ரோடு போட்டபோது, வெல்டர் பாய் ஜெனரேட்டரின் பிளஸ் கம்பியில் கட்டி வைத்திருந்தது. கனத்த இரும்பென்றால் உருகி ஒட்டுகிற வெல்டிங் ராடு பிளஸ்ஸில் இருக்க வேண்டும். சூடு உள்ளே இறங்கும். மெல்லிய தகடென்றால் மைனஸ். மேலோடு உருகும், ஓட்டை விழாது.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. காலேஜ் முடித்த சூப்பர்வைசர், வாய் நீளம். ஒரு நாள் காலையில், தகரத் தண்ணீர் டிரம் ஒட்ட ஒட்ட ஓட்டையாகிக்கொண்டே இருந்தது. கம்பிகளை நானே மாற்றி, ராடை மைனஸில் மாட்டினேன். ஒட்டியது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

மத்தியானம், ஜீப்போடு டிரெய்லரை இணைக்கிற தண்டு விரிசல் விட்டு வந்தது. பாய் விரிசலை அரத்தால் ராவிவிட்டு, கம்பியைத் திரும்ப பிளஸ்ஸுக்கு மாற்றப் போனார். "காலையில ஒட்டுச்சில்ல? அப்படியே அடிங்க" என்றேன்.

"இன்னா சார், டிரம்முக்கும் வண்டிக்கும் ஒரே வைத்தியமா?"

கூலியாட்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. "நான் சொல்றத செய்ங்க" என்று கத்தினேன். செய்தார். பார்க்க வழவழவென்று அழகாகத்தான் இருந்தது. சுத்தியால் தட்டிப் பார்த்து, "மேல பூசுனாப்ல கீது சார். உள்ள புடிக்கல" என்றார்.

அவருக்கு ஒரு வழக்கம்: தான் ஒட்டிய வண்டியில் முதல் நடை தானே ஏறிப் போவார். அன்றும் டிரெய்லரில் ஏறினார். 'வேணாம் பாய்' என்பது என் நாக்கு வரை வந்தது. சொன்னால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும். சொல்லவில்லை.

ஆலங்காயம் இறக்கத்தில், இரண்டாவது வளைவில் தண்டு முறிந்து டிரெய்லர் கவிழ்ந்தது. பாயின் வலது கை அடியில் மாட்டி நசுங்கியது. ஒட்டு முழுசாகப் பெயர்ந்திருந்தது, கல்லில் ஒட்டாத தோசை மாதிரி. அதன் அடியில் அவர் ராவிய கீறல்கள் உருகாமல் அப்படியே இருந்தன.

பெரிய அதிகாரி கேட்டார். "வெல்டிங் சரியில்ல சார்" என்றேன். பொய்யில்லை. யார் சொல்லிச் செய்தது என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன். பாயை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அன்று சாயங்காலம் துணியை அவிழ்த்து எடுத்துக்கொண்டேன்; ஏனென்று இன்றும் தெரியவில்லை.

போன மாதம் வாணியம்பாடியில் அவரைத் தேடிப் போனேன். தம்பியின் டீக்கடையில், இடது கையால் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். துணியை நீட்டினேன். அடையாளம் தெரிந்துகொண்டு சிரித்தார்.

"அதிகாரி கைல நெசத்த சொல்லிட்டீங்களா சார்?"

"இல்ல பாய்."

கிளாஸைத் துடைத்து என் முன்னால் வைத்தார்.

"அப்போ அது உங்க கைலயே இருக்கட்டும்."

பெட்டியில்தான் கிடக்கிறது.