சுவரைப் பார்த்துப் பிரித்த பங்கு

அப்பா இல்லாமல் வந்திருக்கும் முதல் பனிக்காலம் இது. எதை எழுத உட்கார்ந்தாலும் அழுகைதான் வருகிறது. அதனால் சிரிப்பு வருகிற ஒன்றை எழுதுகிறேன். நான் பெரிதாகப் படித்தவள் இல்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பிள்ளைகள் காப்பகம் ஒன்றின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு எட்டு வயது. மன்னாரிலிருந்து வந்து, பிரெஞ்சு பேசுகிற நகரம் ஒன்றில் வில்லரே என்ற பகுதியில், மூன்றாம் மாடியில் இருந்தோம். எங்கள் மாதா கோயிலின் கீழ்த்தளத்துக்குப் பனிக்காலம் முழுவதும் ஒரு தோட்டக்காரப் பெண் வான் வண்டியில் மரக்கறிக் கூடைகள் கொண்டுவருவார். பெரிய பூட்ஸ், சிவந்த மூக்கு, எல்லோருக்கும் ஒரு ‘பொன்ஜூர்’ வணக்கம். அவருடைய சொந்தத் தோட்டத்தில் விளைந்து, நிலவறையில் பத்திரப்படுத்திய மரக்கறிகள், கூடவே கொஞ்சம் முட்டை. பனி விழும் முன்பே முழுப் பருவத்துக்கும் காசு கட்டிவிட வேண்டும். அந்தக் காசை நம்பித்தான் அவர் தோட்டத்தைக் கொண்டு நடத்துகிறார் என்று கோயில் சுவாமியார் பூசை முடிவில் சொன்னதும் அப்பா முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

“கடையில மெக்சிக்கோத் தக்காளி சிவப்பாய்ச் சிரிக்குது. நீங்கள் மண் உருண்டையளுக்கு முற்காசு குடுத்திட்டு வாறியள், அத்தான்” என்றார் மாமா. அவர் அம்மாவின் தம்பி, கலியாணம் கட்டாதவர்.

“அந்த மனிசி இந்தப் பனிக்குள்ள பாலம் தாண்டி வருது. நாங்கள் வாங்காட்டி ஆர் வாங்கிறது?” என்றார் அப்பா.

கூடை ஒரு வீட்டுக்கு அதிகம். அதனால் எங்கள் வீடு, மாமா, பக்கத்து ஊரான லவாலில் இருந்த சித்தி வீடு என்று மூன்று வீடும் காசு போட்டுச் சேர்ந்துகொண்டோம். பிரிப்பது எங்கள் குசினித் தரையில், அம்மாவின் அடுப்புக்கு முன்னால். மன்னார்க் கடற்கரையில் மீன் பங்கு போடுவது போலவே அப்பா போடுவார். விளம்பரத் தாள்களை விரித்து மூன்று குவியல் வைப்பார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். அப்பா ஒரு குவியலைத் தொட்டு, “இது ஆருக்கு?” என்பார். நான் பார்க்காமல் பெயர் சொல்ல வேண்டும். சொன்னது சொன்னதுதான். பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது.

பெயர் சொல்ல எனக்கென்று ஒரு ஒழுங்கு இருந்தது. பரிமாறுகிற ஆள் கடைசியில்தான் சாப்பிட வேண்டும் என்று அம்மா சொல்லித் தந்திருந்தார். பங்கு போட்டுக் கேட்கிறவர் அப்பா. ஆகவே எங்கள் வீடு கடைசி. மாமா ஒற்றை ஆள், அவர் நடுவில். சித்தி வீட்டில் சின்னப் பிள்ளைகள், அவர்களுக்கு முதல். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. நல்ல பழக்கம், அவ்வளவுதான்.

அந்த வருடம் நத்தாரோடு, கிறிஸ்மஸ் நேரத்தில், சித்தப்பாவுக்கு டோர்வலில் இருந்த வேலை போய்விட்டது. விமானத்துக்குச் சாப்பாடு கட்டுகிற வேலை. அப்பா ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிக்கொண்டு லவாலுக்குப் போனார். அதே மூட்டையோடு திரும்பி வந்தார். “எங்களுக்குக் கை கால் இருக்கு, அண்ணை” என்று சித்தப்பா கதவடியிலேயே சொல்லிவிட்டாராம். ஆனால் கூடைக்கு மட்டும் வந்தார். அது வேலை இருந்த காலத்தில் அவர் கட்டிய காசு, அவருடைய பங்கு.

அதற்குப் பிறகு ஒரு விசித்திரத்தைக் கவனித்தேன். நல்ல குவியல் எப்போதும் சித்தி வீட்டுக்கே விழுந்தது. முட்டை, பெரிய முட்டைக்கோவா, உருளைக்கிழங்கு எல்லாம் அங்கே. எங்களுக்கு வேர் வேராய் மயிர் தொங்கும் ஒரு கிழங்கு. அம்மா அதைப் பால்கறி வைத்தும் பார்த்தார், பொரித்தும் பார்த்தார். அது அப்படியேதான் இருந்தது. கடவுளுக்கு எங்களைவிடச் சித்தியைத்தான் பிடிக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. கூடையில் ஒரேயொரு பூசணிக்காய் வந்திருந்தது. அப்பா குவியல் வைத்து முடித்ததும் சித்தப்பா வாய் திறந்தார்.

“அண்ணை, ஒண்டு கேக்கிறன். கோவிக்கக் கூடாது.”

“கேளும்.”

“ஒவ்வொரு முறையும் நல்ல பங்கு எங்களுக்கே விழுது. அதெப்பிடி?”

“உனக்கு லொட்டோ விழேல்லை எண்டு மாதா கோவாவாய்த் தாறா” என்றார் மாமா.

“பகிடி விடாதை மச்சான். பங்கு எண்டால் நான் வருவன். இரக்கப்பட்டுத் தாறது எண்டால் இண்டையோட நாங்கள் விலத்திறம்.”

அம்மா அடுப்பைக் குறைத்தார். அந்தக் கூடையும் போனால் சித்தி வீட்டுச் சட்டியில் என்ன இருக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், எனக்குக்கூட.

“இண்டைக்கு நான் கேக்கிறன். நீங்கள் அங்காலை இருங்கோ” என்று சித்தப்பா சப்பாணி கட்டி உட்கார்ந்தார்.

“கேளும், கேளும். எனக்கென்ன?” என்றார் அப்பா. குரல் மட்டும் கொஞ்சம் காய்ந்திருந்தது.

நான் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றேன்.

“இது ஆருக்கு?” சித்தப்பாவின் குரல்.

இப்போது கேட்கிறவர் சித்தப்பா. அப்படியானால் அவர்தானே கடைசி?

“எங்களுக்கு.”

பின்னால் யாரோ மூச்சை விட்டார்கள்.

“இது?”

“மாமாவுக்கு.”

“எனக்கு எப்பவும் நடுப் பங்குதான். கலியாணம் கட்டாதவனுக்கு மாதாவும் இல்லை” என்றார் மாமா.

திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா வேண்டுமென்றே மோசமான குவியலைத்தான் முதலில் தொட்டிருந்தார். மயிர்க் கிழங்கு எங்களுக்கு. மிஞ்சியிருந்த குவியலில் பூசணிக்காயும் முட்டையும். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, அண்ணை” என்றார் கடைசியில். “விழுந்தது விழுந்ததுதான்.”

அப்பா எழும்பிப் பால்கனிக் கதவைத் திறந்து, அந்த உறைகுளிரில் வெறும் சேர்ட்டோடு வெளியே போய் நின்றார். உள்ளே வந்ததும் என்னைத் தூக்கிச் சுற்றினார். “என்ர குஞ்சு” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மயிர்க் கிழங்கு கிடைத்ததற்கு இவ்வளவு சந்தோசமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பனி கரைந்தபோது சித்தப்பாவுக்கு லவாலிலேயே வேலை கிடைத்தது. கூடையை மட்டும் நாங்கள் மூன்று வீடும் விடவேயில்லை.

இந்த வருடமும் காசு கட்டியாகிவிட்டது. இலை உதிரும் காலத்தில், போவதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால் அப்பாவே கட்டியிருக்கிறார். எங்களுக்குத் தெரியாது. போன சனிக்கிழமை சித்தப்பா கூடையோடு கதவடியில் நின்றபோதுதான் தெரிந்தது. அம்மா, “எங்களுக்கு வேண்டாம், நீங்கள் கொண்டு போங்கோ. நான் இப்ப ஒழுங்காய்ச் சமைக்கிறதும் இல்லை” என்றார். சித்தப்பா காதில் விழாதது போல் தரையில் தாளை விரித்தார். மாமா குவியல் வைக்க உதவினார்.

“பிள்ளை, திரும்பு” என்றார் சித்தப்பா.

“எனக்கு இருபத்திரண்டு வயசு, சித்தப்பா.”

“அதுக்கென்ன? சுவர் அதேதானே.”

திரும்பி நின்றேன்.

“இது ஆருக்கு?”

கேட்கிறவர் சித்தப்பா. யோசிக்க முன்னமே வாய் சொல்லிவிட்டது: “எங்களுக்கு.”

திரும்பினால், அவருடைய கை பூசணிக்காயின் மேல் இருந்தது. பக்கத்தில் முட்டை, கோவா எல்லாம். மாமா முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் ஒழுங்கை எப்போது கண்டுபிடித்தார் என்று நானும் கேட்கவில்லை.

“இது கள்ளம், சித்தப்பா.”

“உன்ர கொப்பரும் நல்லதை முதல்ல தொட்டு இப்பிடித்தான் செய்தவர். விழுந்தது விழுந்ததுதான்” என்றார்.

அம்மா பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு போய்க் கழுவினார். பல நாளைக்குப் பிறகு அன்றிரவு எங்கள் வீட்டில் கறி மணத்தது. நான் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

எட்டு வயதில், பங்கு பிரிப்பது கடவுள் என்று நம்பிச் சுவரைப் பார்த்து நின்றேன். நான் எந்தப் பெயரை முதலில் சொல்வேன் என்று அறிந்த ஒருவர் என் முதுகுக்குப் பின்னால் இருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.