மாவிளக்கும் நாய்க்குட்டியும் ஒரே நாளில்

போன தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கான்சாபுரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அங்கிருந்து ராஜபாளையத்துக்கும் போய்வந்தோம். நானும் என் வீட்டுக்காரி பேச்சியம்மாளும். ஒரே நாள், நாலு பஸ், ஒரு ஆட்டோ. மாரியம்மன் கோயிலில் மாவிளக்கு போடப் போகிறவர்களுக்கும், நாய்க்குட்டி வாங்கப் போகிறவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன். எழுதுகிறேன் என்பது பேச்சுக்கு. நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்காராதவன். போனில் பேசிவிடுவேன், அண்ணன் மகள் அதை ஒழுங்கான எழுத்தில் கொண்டுவருவாள். இந்த முறை ரெண்டு இடத்தில் நிறுத்தி, "சித்தப்பா, இதையும் போடணுமா?" என்று கேட்டாள். போடு தாயி என்றேன்.

முதலில் மாவிளக்கு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. சாதாரண வயிற்றுவலி என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டே மூன்று நாள் கிடந்தேன். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது எனக்கு நினைவில்லை. ஐசியூ வாசலில் நின்று பேச்சியம்மாள் வேண்டிக்கொண்டாள்: இவர் பிழைத்து வந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் மாரியம்மன் கோயிலில் இவர் வயிற்றிலேயே மாவிளக்கு ஏற்றுகிறேன் என்று. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஊறவைத்து இடித்த பச்சரிசி மாவில் வெல்லம் சேர்த்துப் பிசைந்து, உருட்டி, நடுவில் குழி செய்து, நெய் ஊற்றித் திரி போடுவார்கள். வயிற்றில் நோவு வந்து தீர்ந்தவர்கள் சன்னதி முன்னால் மல்லாந்து படுத்து, அந்த விளக்கை வயிற்றின் மேல் வைத்துக்கொள்வார்கள். அது மலையேறும் வரை, அதாவது தானாக அணையும் வரை, அசையக் கூடாது.

நான் பிழைத்து வந்தேன். ஆனால் போகவில்லை. கடலை பிடுங்க வேண்டும், மழை வருகிறது, கல்யாணம் இருக்கிறது என்று தள்ளிக்கொண்டே வந்தேன். உண்மை என்னவென்றால், அத்தனை பெண்கள் நடுவில் சட்டையைக் கழற்றிவிட்டு வயிற்றில் விளக்கோடு கிடக்க எனக்குக் கூச்சம்.

இனி நாய்க் கதை. எங்கள் தோட்டம் மலை அடிவாரத்தில் இருக்கிறது. பன்றி இறங்கினால் ஒரே ராத்திரியில் கடலைக்காட்டை உழுததுபோல் ஆக்கிவிடும். முன்னால் ஒரு நாய் வைத்திருந்தேன். அது பன்றியைப் பார்த்தால் வாலை ஆட்டும். பக்கத்துத் தோட்டக்காரர், "மாப்ள, உம்ம நாயி பன்னிக்கு வழி காட்டுதுவே" என்பார். கடைசியில் ஒரு கல்யாண வேனுக்குப் பின்னாலேயே ஓடிப்போய்ச் சேத்தூரில் எங்கோ குடியேறிவிட்டதாகக் கேள்வி. அங்கேயாவது நன்றாக இருக்கட்டும். அதனால் நல்ல ராஜபாளையம் குட்டி ஒன்று வேண்டும் என்று விசாரித்து, கிட்ணராஜா என்று ஒருவரின் நம்பர் கிடைத்தது. பேசினேன். "செவ்வாக்கெழம பன்னெண்டு மணிக்குள்ள வாரும். தாண்டிட்டா வேற பார்ட்டி தூக்கிட்டுப் போயிரும்" என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தானே போக வேண்டும். செவ்வாய்க்கிழமை வேறு. ஒரே பஸ் செலவில் ரெண்டு வேலை முடியும் என்று கணக்குப் போட்டு, திங்கட்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது சொன்னேன்: "ஏட்டி, நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போவமா? அந்த நேத்திக்கடன் கெடக்குல்லா." நாயைப் பற்றிச் சொல்லவில்லை.

அவள் ரசம் ஊற்ற வந்தவள் அப்படியே நின்றாள். பிறகு உள்ளே போய் அரிசியை ஊறப்போட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் அக்காவோடு போனில் பேசுவது கேட்டது. "நான் ஒண்ணும் சொல்லலக்கா. அவியளா நெனச்சுக் கூப்பிட்டாவ." அடுத்து மதினிக்கு. அடுத்து பக்கத்து வீட்டுக்கு. எல்லாரிடமும் அதே வார்த்தை. நான் கை கழுவிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டே காலுக்கு டவுன் பஸ். இருபது கிலோமீட்டர் சொச்சம், நின்று நின்று போவதால் ஒரு மணி நேரம் ஆகும். எனக்குப் பதினாறு ரூபாய் டிக்கெட், பெண்களுக்கு இலவசம். கண்டக்டர் இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்ததும் பேச்சியம்மாள், "ரொம்பச் சந்தோசம்யா, நல்லா இருக்கணும்" என்றாள். அவர், "நான் எங்கம்மா குடுக்கேன், கவர்மெண்டுல்லா குடுக்கு" என்றார். "கிழிச்ச கை ஒங்க கைதான?" என்றாள். பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். கண்டக்டர் அடுத்த சீட்டுக்குப் போகும்போது காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அவள் எப்போதும் அப்படித்தான். பஸ் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஏறுவாள். கிணற்று மோட்டார் ஒரே தட்டில் ஓடினால் அதற்கும் ஒரு வார்த்தை சொல்வாள். நான் அதைக் கேலி செய்வேன். எனக்கு யாருக்கும் எதுவும் சொல்லி வழக்கமில்லை. வாய்க்கு வராது.

பக்கத்தில் சுந்தரபாண்டியத்துக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளிடமும் முழுக்கதையையும் சொன்னாள். ஆஸ்பத்திரி, ஐசியூ, வேண்டுதல், கடைசியில் "அவியளா நெனச்சுக் கூப்பிட்டாவ". அந்த அம்மாள் என்னை எட்டிப் பார்த்து, "எங்க வீட்டுலயும் ஒண்ணு கெடக்கு. கோயில்னாலே கால் வலிக்கும். குடுத்து வச்சவட்டி நீ" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, தென்னந்தோப்பை அன்றைக்குத்தான் முதலில் பார்ப்பவன்போல் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தால் கோயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். பூ, வாழை இலை வாசலிலேயே கிடைக்கும். செவ்வாய், வெள்ளி கூட்டம் அதிகம். மாவிளக்கு போட இடம் கிடைக்கும் வரை நாங்கள் உட்கார்ந்திருந்து, எங்கள் முறை வரும்போது மணி பத்தே முக்கால் ஆகிவிட்டது. முன்னால் வரிசையாகப் பெண்கள் படுத்துக் கிடந்தார்கள். ஆணும் ஒருவர் இருந்தார், என்னைவிட வயசாளி, வயிற்றில் விளக்கோடு நிம்மதியாகக் கண்ணை மூடிக்கிடந்தார். கூச்சத்துக்குக்கூட அங்கே இடமில்லை.

பேச்சியம்மாள் துண்டை நனைத்துப் பிழிந்து வைத்துக்கொண்டு, "சட்டையக் கழத்துங்க" என்றாள். பன்னிரண்டு மணி, ராஜபாளையம், வேறு பார்ட்டி என்று என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு எப்போது அணையும் என்று யாருக்குத் தெரியும். வாயில் வந்ததைச் சொன்னேன். "தரையில படுத்தா தையல் போட்ட எடம் இழுக்கும்போலருக்கு."

அவள் முகம் மாறிவிட்டது. "வேண்டாம், வேண்டாம். மொதல்லயே சொல்ல வேண்டியதான. நான் படுத்துக்கிடுதேன். ஆத்தாளுக்குத் தெரியாதா" என்றாள். தரையில் மல்லாந்து, வயிற்றில் ஈரத்துண்டு, அதன்மேல் இலை, இலைமேல் விளக்கு. திரியைப் பொருத்தியது நான்தான். கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது.

நான் வெளியே வந்தேன். கிட்ணராஜாவுக்குப் போன் போட்டேன். லைன் கிடைக்கவில்லை. திரும்பப் போட்டேன். கிடைத்ததும், வந்துகொண்டே இருக்கிறேன், செத்த நேரம் பொறுங்கள் என்று கெஞ்சினேன். பிறகு ஒரு டீ. டீக்கடையில் ஒருவர் நாய்க்குட்டிக்கு என்ன தீனி போடுவது என்று சொல்ல ஆரம்பித்தார், அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன். உள்ளே போனபோது விளக்கு அணைந்திருந்தது. யாரோ ஒரு அம்மாள் பேச்சியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து நெய் வழிந்த இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இது ஒம்ம வீட்டு அம்மாவா?" என்றார். "காத்துல திரி சாஞ்சு சேலையில படப் பாத்துது. நான்தான் கையைக் காட்டி மறிச்சேன். பக்கத்துல நீருல்லா இருந்திருக்கணும்."

"அவிய கூச்சப்படுவாவக்கா" என்று படுத்தபடியே பேச்சியம்மாள் சொன்னாள். எழுந்து உட்கார்ந்து, மாவிளக்கைப் பிட்டு முதல் துண்டை எனக்குத்தான் கொடுத்தாள். தித்திப்பாகத்தான் இருந்தது.

கோயிலை விட்டு வந்ததும், "இம்புட்டுத் தூரம் வந்தாச்சு, ராஜபாளையம் ஒரு எட்டு போயிட்டு வருவமா?" என்றேன். "எதுக்குங்க வீண் செலவு? எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றாள். அவளுக்குச் சேலை எடுத்துத்தரப் போகிறேன் என்று நினைத்திருக்கிறாள். நான் மறுத்துச் சொல்லவில்லை. பன்னிரண்டு கிலோமீட்டர், அடிக்கடி பஸ் உண்டு, அரை மணி நேரம். அங்கிருந்து ஆட்டோவுக்கு எண்பது கேட்டார்கள், அறுபதுக்கு வந்தார்கள். ஆட்டோ துணிக்கடைகளை எல்லாம் தாண்டிப் போனபோது அவள் என்னைப் பார்த்தாள்.

கிட்ணராஜா வாசலிலேயே நின்றார். நல்ல உயரம், ராணுவத்தில் இருந்து வந்தவர். "ரண்டி, ரண்டி" என்று தெலுங்கில் வரவேற்று நாற்காலி போட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "வீட்டுல கோயில்னு சாக்குச் சொல்லித்தான் கெளம்பணும்னு போன்ல சொன்னீரே, நெசமாவே அம்மாவையும் கூட்டிட்டு வந்துட்டீரே. பெரிய ஆளுவே நீரு."

சொல்லியிருந்தேன். ஆண்பிள்ளைகள் போனில் பேசும்போது இப்படி ஒன்றைச் சொல்லிச் சிரிப்போமே, அப்படிச் சொன்னது.

பேச்சியம்மாள் கூடையிலிருந்து மிச்சமிருந்த மாவிளக்கை எடுத்து அவரிடம் நீட்டினாள். "ஆத்தா பிரசாதம், எடுத்துக்கிடுங்க." பிறகு, "குட்டியோட தாய் எங்கண்ணே?" என்று கேட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். வெள்ளை வெளேரென்று, இளஞ்சிவப்பு மூக்கோடு தாய்நாய் கட்டிக் கிடந்தது. அதன் முன்னால் ஒரு துண்டு மாவிளக்கை வைத்துவிட்டு, "ஒம்பிள்ளைய நல்லபடியா பாத்துக்கிடுதோம்" என்றாள். குட்டியை வாங்கியது நான். அதன் தாயிடம் சொல்லிவிட்டு வந்தது அவள்.

திரும்பும் பஸ்ஸில் குட்டி வயர்கூடைக்குள் தூங்கிவிட்டது. பாதி வழியில் நானே, "நாயிக்காகத்தான் கெளம்புனேன்" என்றேன்.

"அதான் அவரு சொன்னாரே" என்றாள். கொஞ்சம் கழித்து, "எங்க அக்காகிட்டயெல்லாம் சொல்லித் தொலைச்சுட்டேன். இனி மாத்திச் சொல்ல ஏலாது. அவ ஏதும் கேட்டா நீங்களும் ஆமான்னு சொல்லிருங்க" என்றாள். அதற்குமேல் கோபம் ஒன்றும் தெரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிய ஆரம்பித்தபோது என் வயிற்றைப் பார்த்து, "ஆட்டோ ரொம்பக் குலுக்குச்சே, தையல் எப்டி இருக்கு?" என்று கேட்டாள்.

அதற்கும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. "இழுக்கலட்டி. சும்மா சொன்னேன்" என்றேன்.

அவள் கூடையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டாள். "நேந்துக்கிட்டது ஒங்க வயித்துல. ஒங்களுக்கு ஏலலன்னுதான நான் படுத்தேன். அப்ப அது தீரலல்லா?" கேள்விபோல் இல்லை. கண் கலங்கியிருந்தது. நாய்க்காக வந்ததை அவள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் என் உயிருக்காக அவள் சொன்ன வார்த்தை இன்னும் பாக்கி நிற்கிறது. அதுவும் தீர்க்கப் போகிறோம் என்று ஊரெல்லாம் அவள் வாயாலேயே சொன்ன பிறகு.

ஊரில் இறங்கினால் அவள் அக்கா தன் வீட்டு வாசலிலேயே காத்திருந்தாள். "மச்சான், இம்புட்டு நாள் ஒங்கள தப்பா நெனச்சுட்டேன்" என்றாள். ஆமா என்று தலையை ஆட்டினேன். அக்காவே காப்பி போட்டுத் தந்தாள், அதையும் குடித்தேன்.

இதைப் பதிவில் போடவா என்று பேச்சியம்மாளிடம் கேட்டேன். "எங்க அக்காவுக்குப் படிக்கத் தெரியாது, போட்டுக்கிடுங்க" என்றாள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நாய்க்குட்டிக்கு வயர்கூடையும் பழைய துணியும் கொண்டுபோங்கள், பஸ்ஸில் வாந்தி எடுக்கும். தாய்நாயைப் பார்த்துவிட்டே எடுங்கள். மாவிளக்குக்கு மாவை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு, காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் படுத்தால் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து காற்றை மறிக்க வேண்டும்.

விளக்கு மலையேற எவ்வளவு நேரம் ஆகும் என்றும் எழுதிவிடலாம் என்று அவளிடம் கேட்டேன். "நான் கண்ண மூடிட்டுல்லா கெடந்தேன், எனக்கு எப்டித் தெரியும்? வெளிய நின்னது நீங்கதான" என்றாள். எனக்கும் தெரியவில்லை. நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, நான் படுத்துப் பார்த்துவிட்டு அந்த இடத்தை நிரப்புகிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அரிசி ஊறப்போட்டிருக்கிறேன். எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று யாரிடமும் கேட்கவில்லை.